நடு இருக்கையில் இருந்தவர்



2007 அக்டோபர் 10, மலேசிய நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல். பைக்கோனூரிலிருந்து நம் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் விண்ணுக்குக் கிளம்பியதை நாடே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கியபோது கூடவே கிடைத்த வாய்ப்பு அது. பதினோராயிரத்துக்கும் மேல் விண்ணப்பம். கடைசியில் நின்ற நால்வரில் ஒருவர் நம் தமிழ்ப் பெண், வனஜா சிவா. அதை இன்றும் பெருமையோடு சொல்கிறேன்.

டாக்டரின் பெயர் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். அவரை ஏற்றிக்கொண்டு போனது யார்?

யூரி மாலென்சென்கோ. உக்ரேனில் பிறந்தவர், ரஷ்ய விமானப்படை கர்னல். ஆறு பயணங்கள், மொத்தம் 827 நாள்கள் விண்வெளியில். 2003-இல் மேலே இருந்தபடியே கல்யாணமும் செய்துகொண்டார். மணப்பெண் டெக்சாஸில், மாப்பிள்ளை சுற்றுப்பாதையில்!

என் அப்பா பால் மரம் வெட்டியவர். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது. அந்த நூலளவுக் கணக்கை அவர் கை வைத்திருந்தது. மாலென்சென்கோவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் தெரிகிறது.

1994, அவருடைய முதல் பயணம். மிர் விண்வெளி நிலையத்துக்கு வந்த ஆளில்லாச் சரக்குக் கலம் தானாக இணையத் தவறியது. இரண்டாம் முறை நிலையத்தின் மேலேயே மோதியது. மூன்றாம் முறை மாலென்சென்கோ நிலையத்துக்குள் திரையைப் பார்த்துக்கொண்டே, வெளியே இருந்த கலத்தைத் தன் கையால் ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 32.

நம் டாக்டரோடு கிளம்பிய பயணம் முடிந்து, 2008 ஏப்ரலில் திரும்பும் வழியில் இன்னும் பெரிய ஆபத்து. கலத்தின் ஒரு பகுதி பிரிய வேண்டிய நேரத்தில் பிரியவில்லை. வழக்கத்தைவிடச் செங்குத்தாக, உடல் எடையைப் போல எட்டு மடங்கு அழுத்தத்தோடு இறங்கி, குறித்த இடத்துக்கு ஏறக்குறைய 475 கிலோமீட்டர் முன்னாலேயே கசக்ஸ்தான் புல்வெளியில் விழுந்தார்கள். திரும்பும்போது கூட இருந்தவர்கள் அமெரிக்காவின் பெகி விட்சன், கொரியாவின் யி சோ-யோன். மூவரும் உயிரோடு வந்தார்கள்.

இதோடு போதும் என்று யாராக இருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள். அவர் இன்னும் இரண்டு முறை போனார். 2015 டிசம்பரில், கடைசிப் பயணத்தில், தானியங்கி இணைப்பு முறை மறுபடியும் காலை வாரியது. கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தார். முதல் முயற்சியில் நேர்க்கோடு சரியாக அமையவில்லை. அவசரப்படாமல் கலத்தைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி மெல்லக் கொண்டுபோய்ப் பொருத்தினார். 21 வருடத்துக்குப் பிறகும் அதே கை!

இந்தப் பேச்சு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி இருக்கிறது என்றார்கள். அவர்கள் போன சோயுஸ் விண்கலத்தை வரைகிற பிள்ளைகளே, அதில் மூன்று இருக்கை. மூவரையும் வரையுங்கள். வலப்பக்கம் நம் டாக்டர், இடப்பக்கம் பெகி விட்சன், நடுவில் மாலென்சென்கோ.