முடிவெடுத்தவர் யார்?



ஏதேன் தோட்டத்தில் கடவுள் கேள்வி கேட்டபோது, ஆதாம் ஏவாளைக் கைகாட்டினார். அந்தப் பெண்ணைத் துணையாகத் தந்தவர் கடவுளே என்று சொல்லி, பாதிப் பழியை அவர் மேலும் போட்டார். ஏவாள் பாம்பைக் கைகாட்டினார். கனியைத் தின்றதை இருவருமே ஒத்துக்கொண்டார்கள். ஆனால், முடிவெடுத்தது தாங்கள்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பங்குச் சந்தையில் பணத்தை இழந்த வீடுகளில் இன்றும் இதே பேச்சைக் கேட்கிறோம். "நண்பன் சொன்னான், போட்டேன்." "யூடியூபில் அடித்துச் சொன்னார்களே!" "பெரிய ஆட்கள் சேர்ந்து சந்தையைக் கவிழ்த்துவிட்டார்கள்."

நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பல ஆண்டுகள் பொறுமையாக வைத்திருப்பது சேமிப்பின் ஒரு வழி. அதை நாம் குறை சொல்லவில்லை. நம் கவலை, 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் வணிகத்தைப் பற்றியது. ஆப்ஷன் வாங்குகிறவர், குறித்த நாளுக்குள் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று கணித்துப் பணம் கட்டுகிறார். கணிப்புத் தவறினால், கட்டிய பணம் முழுவதும் போய்விடலாம்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு, 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். இதைவிட வேதனையான செய்தி ஒன்றும் அதில் உண்டு. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நட்டப்பட்டவர்களில் 100க்கு 75 பேருக்கு மேல் மறுபடியும் அதிலேயே இறங்கினார்கள்.

ஏன்? தவறு யோசனை சொன்னவருடையது என்று நினைத்தால், ஆளை மாற்றினால் போதும் என்று தோன்றும். தவறு சந்தையுடையது என்றால், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று தோன்றும். விட்டதைப் பிடிக்க மனைவியின் நகை அடகுக்குப் போகும். முடிவு என்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறவரால்தான் நிறுத்த முடியும்.

நமக்கு யாரும் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லவும் இயலாது. 10 பேரில் 9 பேர் நட்டமடைகிறார்கள் என்ற எச்சரிக்கையை 2023 ஜூலை முதல் தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. படித்தேன் என்று அழுத்திய பிறகுதான் உள்ளே போக முடியும். அழுத்துவது நம் விரல்.

பொய் வாக்குறுதியால் மோசடிக்கு ஆளானவர்களை நாம் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் தயங்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். தெரிந்தே இறங்குகிறவர்களுக்குத்தான் இந்த அழைப்பு.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். நாமும் கேட்டுப் பார்ப்போம். இது யாருடைய பணம்? மகளின் கல்லூரிக் கட்டணமா, அம்மாவின் மருந்துச் செலவா? முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? இந்த முடிவைத் துணைவரிடம் இன்றே சொல்ல முடியுமா? சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கமே விடை.

தன்னையும் பிறரையும் காக்கத் தேவையானதைப் பறிக்கும்போது சூதாட்டம் ஏற்க முடியாததாகிறது எனத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. நம் கணக்குக்கும் அதுவே அளவுகோலாகட்டும்.

திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டி நம் பாவத்தை ஏற்றுக்கொள்கிறோம். வேறு யாரையும் அங்கே கைகாட்டுவதில்லை. அதே மன்றாட்டில், நமக்காக வேண்டிக்கொள்ளுமாறு சகோதர சகோதரிகளையும் கேட்கிறோம். பொறுப்பேற்கிறவர் தனியாக விடப்படுவதில்லை.

ஆகவே, கடனை மறைத்து வைத்து உறக்கமின்றித் தவிப்பவர்கள் இன்றிரவே வீட்டாரிடம் பேசுங்கள். வீட்டாரே, உண்மையைச் சொல்ல வருகிறவரை முதல் வார்த்தையிலேயே நொறுக்கிவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். போன பணம் திரும்பாமல் போகலாம். போகவிருந்த மனிதர் திரும்பி வருவார்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.