தாம்பரம் மழையும் ஃபோர்ட்ரான் கம்பைலரும்

"இந்தக் காலத்துல யாருங்க ஃபோர்ட்ரான் எழுதுறா?" இந்தக் கேள்விக்கு நம்ம ஏரியாவுலயே ஒரு பதில் இருக்கு. 2015 டிசம்பர் 2 காலை 8.30-ஓட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி, முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கிச்சு. அந்த மழையை கம்ப்யூட்டர்ல மறுபடி பெய்ய வெச்சுப் பார்த்த ஆய்வுகள் பலதும் பயன்படுத்தினது டபிள்யூஆர்எஃப்-ங்கிற வானிலை மாடலை. அது பெரும்பாலும் ஃபோர்ட்ரான்தான்.

மாடல் இலவசம். சின்ன ஏரியான்னா லினக்ஸ் லேப்டாப்லயே ஓடும். கான்ஃபிகர் பண்ணும்போதே எந்த கம்பைலர்னு பட்டியல் நீட்டும். முதல் தடவைன்னா ஜிஃபோர்ட்ரான் எடுங்க. இன்டெல் சிப்ல இன்டெல் கம்பைலர் பல நேரம் வேகம்தான், மறுக்கல. ஆனா பழைய டுடோரியல்ல வர்ற ஐஃபோர்ட், ஒன்ஏபிஐ 2025-லயே போயிடுச்சு. இப்ப அந்த இடத்துல ஐஎஃப்எக்ஸ்.

நிறைய பேர் மாட்டுற இடம் வேற. மாடல் டேட்டாவை எழுதுறது நெட்சிடிஎஃப் லைப்ரரி வழியா. ஒரு கம்பைலர் உண்டாக்கின மாட்யூல் ஃபைலை இன்னொண்ணு படிக்காது. உபுண்டுல ஆப்ட் போட்டு வாங்குற நெட்சிடிஎஃப், ஜிஃபோர்ட்ரான்ல கட்டினது. ஐஎஃப்எக்ஸ் வேணும்னா அதையும் சோர்ஸ்லேர்ந்து நீங்களே கட்டணும். எம்பிஐ-க்கும் இதே கதை.

சரி, கம்பைல் ஆயிடுச்சு, விடை வந்துடுச்சு. நம்பலாமா? தசம எண்களைக் கூட்டுற வரிசை மாறினா கடைசி இலக்கம் மாறும். ஃபாஸ்ட்-மேத் கொடுத்தா, வரிசையை மாத்திக்கோன்னு நீங்களே அனுமதி தர்றீங்க. இன்டெல் கேட்காமலே கொஞ்சம் அந்தச் சுதந்திரம் எடுத்துக்கும். எஃப்பி-மாடல் பிரிசைஸ்னு சொல்லித்தான் கட்டுப்படுத்தணும். இடிமேகக் கணக்குல அந்தத் துளி வித்தியாசம் வளர்ந்துகிட்டே போகும். மழையின் மையம் சில கிலோமீட்டர் தள்ளிப்போனா, அடையாறு நீர்ப்பிடிப்புல விழவேண்டிய தண்ணி கடல்ல விழுந்ததா மாடல் சொல்லும். முடிச்சூர்ல வீடு இருக்கிறவருக்கு இது சின்ன விஷயமா?

அதனால வேகத்தை அப்புறம் பாருங்க. முதல்ல கான்ஃபிகர்ல கேப்பிட்டல் டி ஆப்ஷன் போட்டு கொஞ்ச நேரம் ஓட்டுங்க. அரே எல்லை தாண்டினா அங்கேயே நிக்கும். மெதுவாத்தான் போகும், டீ குடிச்சிட்டு வாங்க. அப்புறம் அதே கேஸை இன்னொரு கம்பைலர்ல ஓட்டி, ரெண்டு மழை மேப்பையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் டைம்ஸ்டெப்லயே பெரிய வித்தியாசம்னா அது ரவுண்டிங் இல்ல, பக்.