மாமாவுக்கு 'ச' கேட்கலை

போன மாசம் குமாரபாளையத்துல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை, "பையனுக்குப் பசிக்குதான்னு கேளுங்க"ன்னாங்க. மாமா, "அவன் படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டானே!"ன்னார். எல்லாரும் சிரிச்சோம், நானும்தான்.

முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவர். இரைச்சல் முதல்ல பறிக்கிறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை. குரல் கேட்கும், 'ச' மாதிரி மெல்லிய ஒலி மட்டும் உதிர்ந்துடும். அதனால காது போகுதுன்னே தோணாது, மத்தவங்க முணுமுணுக்கிறாங்கன்னுதான் தோணும். உள்காதுல செத்த முடிச்செல்கள் திரும்ப முளைக்காது.

85 டெசிபல்னா எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரே மணி நேரம். மாமாவோட ஷிஃப்ட் பன்னிரண்டு. காதுல பஞ்சு வெச்சுக்குவாராம், அது பெருசா தடுக்காது. தொழிற்சாலைச் சட்டத்தோட நோய்ப் பட்டியல்ல இதுவும் இருந்துச்சு. ஆனா மூணு பேர் வேலை பார்க்கிற வீட்டுப் பட்டறை வரைக்கும் அந்தச் சட்டம் பெரும்பாலும் வந்ததில்லை.

இப்ப அங்க தறி ஓட்டுறது மாமா பையன். நுரை இயர்பிளக் கொடுத்தேன். "தறி சத்தம் மாறுறதை வெச்சுதானே கோளாறு கண்டுபிடிக்கிறேன்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு ஷிஃப்ட் போட்டுப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கான்.