வாசலில் கொஞ்சம் காட்டுப்பூ

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டுத்தோட்டம் என்றதும் நாம் கோவா, லீக்ஸ், ரோசா, டேலியா என்றுதான் நினைக்கிறோம். நம்ம மலையில் தானாக வளரும் பூக்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புல்லு வெட்டும்போதும் மருந்தடிக்கும்போதும் முதலில் போவது அவைதான்.

"போனா போகட்டும், களைதானே?" என்று கேட்கலாம். பூசணி காய்க்க வேண்டுமென்றால் ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ பெண் பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். பூசணி பூக்காத நாளில் அந்தத் தேனீ எதைக் குடிக்கும்? பக்கத்தில் வேறு பூ இல்லையென்றால் நம்ம பக்கம் வராது. பிஞ்சு வெம்பி உதிர்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே இரண்டு பூவை விதை போட்டு வளர்ப்போம்.

ஒன்று, தும்பை. சிவராத்திரிக்குச் சாமிக்கு வைக்கும் வெள்ளைப் பூ. கண்டி, பதுளை போல அதிகக் குளிர் இல்லாத இடத்துக்கு ஏற்றது. பூ உதிர்ந்தபின் காய்ந்த கொத்தைக் கடதாசியில் கவிழ்த்துத் தட்டுங்க. ஒவ்வொரு கிண்ணத்திலும் நான்கு விதை வரை இருக்கும். வெயில் படும் இடத்தில் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் போடுங்க. சில செடியை முற்றவிட்டால் அடுத்த மழைக்குத் தானாகவே முளைக்கும்.

மற்றது, சிங்களத்தில் போவிட்டியா என்கிற ஊதாப் பூ. பழத்தைத் தின்ற பிள்ளையின் நாக்கு கறுத்துப்போகுமே, அதுதான். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்தான் இதற்கும் பிடிக்கும். டொலமைட் போட வேண்டாம். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து விதையை உலர்த்துங்க. விதை தூசி மாதிரி இருக்கும், புதைத்தால் முளைக்காது. பழைய டின்னின் அடியில் ஓட்டை போட்டு, அரித்த மண் நிரப்பி, மேலே தூவி, கையால் இலேசாக அமுக்குங்க. மேலே தண்ணீர் ஊற்றினால் விதை ஓடிவிடும். டின்னைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்தால் ஈரம் கீழிருந்து ஏறும். தேயிலை நேசரியில் செய்வதுபோல பொலித்தீனால் மூடி நிழலில் வையுங்க. கன்று கைக்குப் பிடிபடும் அளவுக்கு வளர்ந்ததும், கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி நடலாம்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் மே மாதப் பெருமழைக்கு முன், ஏப்ரலில் விதைக்கலாம். பதுளைப் பக்கம் ஒக்டோபர் நல்லது.

செடியை வேரோடு பிடுங்காதீங்க. விதையில் கொஞ்சம் எடுத்து, மீதியைக் குருவிக்கு விடுங்க. காப்புக்காட்டுக்குள் போகவும் வேண்டாம். மருந்தடித்த இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். ரோட்டோரத்து மஞ்சள் காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்தது. அது நம்ம உதவியில்லாமலே பரவும்.

லயத்து முன்னால் இருக்கிற துண்டு நிலம் சின்னதுதான். மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் இரண்டு முழம் இந்தப் பூவுக்கு ஒதுக்குவோம். பிள்ளைகளும் அதன் பேரைத் தெரிந்துகொள்ளட்டும்.