சைக்கிளுக்கு வெள்ளைக்கோடு போதாது

(கூரம் தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூரத்தாழ்வார் பிறந்த ஊர், பல்லவர் செப்பேட்டில் பேர் இருக்கிற ஊர். அந்தப் பெருமையை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்கு சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கேன்.

2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. எந்த ஆட்சி வந்தாலும் கைவிட முடியவில்லை. சரி, சைக்கிள் கொடுத்தாச்சு. ஓட்ட இடம் எங்கே? காஞ்சிபுரம் போகிற ரோட்டில் லாரி உரசாத ஓரம் எவ்வளவு இருக்கு? பாவும் ஊடையும் கேரியரில் கட்டி வருகிற நெசவாளிக்கும் அதே ஓரம்தான். பாவு சேற்றில் விழுந்தால் அந்தச் சேலைக்கூலி போச்சுங்க.

"கோடு போட்டுடலாம்" என்பார்கள். ஏமாந்துடாதீங்க. கோடு மட்டும் போட்டால் அது கார் நிறுத்துகிற இடம் ஆகிவிடும். பெங்களூரில் 2020-ல் வெளிவட்டச் சாலையில் கம்பம் நட்டே வழி ஒதுக்கினார்கள். பைக்குகள் புகுந்தன, கம்பங்கள் உடைந்தன. டெல்லியில் பஸ் வழித்தடத்தோடு 2008-ல் போட்ட சைக்கிள் பாதையிலும் பைக் புகுந்தது. சைக்கிள் நுழைகிற இடைவெளியில் பைக்கும் நுழையும், கண்காணிக்க ஆள் வேண்டும்.

அதனால் நாம் கேட்பது இதுதான். பெரிய ரோட்டில், ரோட்டை விட உயரமாக, கல் கட்டின தனிப்பாதை. ஒருத்தரை ஒருத்தர் முந்திப் போக இரண்டு மீட்டர் அகலம். வடிகால் மூடியின் கம்பிகள் குறுக்கே இருக்கணும். நீளவாக்கில் இருந்தால் டயர் மாட்டி ஆள் தலைகுப்புற விழுவார். எல்லாவற்றையும் விட முக்கியம் இடதுபக்கத் திருப்பம். நேரே போகிற சைக்கிளை, திரும்புகிற லாரி அங்கேதான் மடக்கும். அந்த முனையைக் குறுக்கிக் கட்டினால் லாரி வேகம் குறைத்துத்தான் திரும்ப முடியும்.

ஊருக்குள் இருக்கிற குறுகல் தெருவுக்கும் தனிப்பாதை கேட்பது வெட்டிப் பேச்சு. அங்கே வேகத்தடை போதும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பணும். வருகிறபோது பிள்ளைகளையும் கூட்டி வாங்க. எந்த முனையில் பயமாக இருக்கு என்று அவர்களே சொல்லட்டும். இன்னொன்று, நம்ம கொடி கட்டின கார் ரோட்டோரத்தை அடைத்து நின்றால், முதலில் அதை எடுங்க.