அம்மம்மாவின் கையில் கிண்டில்



வேதபாகம் வாசிக்கும் வேளையில் நம் மூத்தவர்கள் சிலரின் மடியில் புத்தகம் திறந்தே இருக்கும், பக்கம் புரளாது. வாசிக்க விருப்பமில்லாமல் அல்ல. எழுத்துத் தெரியவில்லை, சொல்ல வெட்கம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும்; எனக்கும் வந்துவிட்டது. மூட்டுவாதமுள்ள கைக்குத் தடித்த வேதாகமமும் பாரம்தான்.

கிண்டில் போன்ற சிறிய வாசிப்புக் கருவி 200 கிராம் அளவுதான். அதன் திரை காகிதம் போல வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும், ஃபோன் போலக் கண்ணில் அடிக்காது. ஆனாலும் கையிலிருக்கும் ஃபோனே போதும் என்பவர்களை நான் கடைக்கு அனுப்பமாட்டேன்.

பிள்ளைகளே, அம்மம்மாவின் ஃபோனை வாங்கி விறுவிறென்று செய்து கொடுத்துவிட்டு ஓடாதீர்கள். அவருடைய விரலாலேயே செய்யவிடுங்கள். வயதானவர்களின் விரல்நுனி காய்ந்திருந்தால் திரைக்குத் தொடுகை தெரியாது. கொஞ்சம் கிறீம் பூசிப் பாருங்கள். புத்தகம் எந்த வகை என்றும் பாருங்கள். தட்டச்சு செய்த மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக ஒழுங்காகும். ஸ்கேன் செய்த பக்கமென்றால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும், இரண்டு பக்கத்திலேயே அலுத்துவிடும். 'நூலகம்' இணையத்தளத்திலுள்ள எங்கள் ஊர்ப் பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்களே. அவற்றுக்குப் பெரிய டேப்லெட் நல்லது. 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த நாட்டில் படித்த தாதியாக ஒன்று சொல்லியாக வேண்டும். தாத்தா மாதாமாதம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அது ஃபோனின் குறையல்ல. வெண்புரையாக இருக்கலாம், அதற்குச் சத்திரசிகிச்சை உண்டு. நேரான வரி வளைந்து தெரிந்தாலோ, சொல்லின் நடுவில் கறைபோல மறைத்தாலோ விழித்திரையில் கோளாறு இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். நாள் கடத்தினால் போன பார்வை திரும்பாமலும் போகும். எங்கள் குடும்பங்களில் நீரிழிவு அதிகம், அதுவும் கண்ணைத் தாக்கும். இங்கிலாந்தில் 60 வயதானவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம். ஆங்கிலம் வராதென்று வீட்டில் இருப்பவர்களோடு யாராவது கூடப் போங்கள்.

ஆராதனை முடிந்து தேநீர் வேளையில் மண்டபத்தின் பின்மேசையில் இருப்பேன். ஃபோனோடு, இப்போது போடும் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள்.