சிரிப்பைச் செவிமடுத்தல்: ரிச்சர்ட் பிரையரின் மேடையும் அவையும்



மொழி பற்றிய உரைத்தொடரில் ஒரு நகைச்சுவைக் கலைஞரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கனைக் குறித்தார். ஆகவே சிரிப்பு நம் இலக்கண மரபிற்குப் புறம்பான பொருள் அன்று. இன்று நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்க மேடைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரின் கலைவாழ்க்கை. எள்ளலைத் தம் தொழிலாகக் கொண்ட அவர், தம் புகழின் உச்சியில், தமக்குப் பெருஞ்சிரிப்பை ஈட்டித்தந்த ஒரு சொல்லைத் துறந்தார். ஏன் துறந்தார் என்பதே இவ்வுரையின் மையம். மொழி கற்பிக்கும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

1. அவை தரும் விடை

இளைஞர்கள் ஸ்டாண்ட்-அப் காமெடி என்று வழங்கும் தனிநபர் மேடை நகைச்சுவையில் ஒருவர் நிற்கிறார், கையில் ஓர் ஒலிவாங்கி, எதிரே அவை. நாடகத்தில் ஒரு நடிகர் பேசினால் இன்னொரு நடிகர் விடை கூறுவார். இங்கே விடை கூறுபவர் அவையினரே. அவர்தம் விடை சிரிப்பு, அல்லது சிரிப்பின்மை.

உரையாடலை நுணுகி ஆராய்ந்த கெயில் ஜெஃபர்சன், 1979இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பேசுவோர் தம் கூற்றின் இறுதியில் மெல்லச் சிரித்துக் கேட்போரைச் சிரிக்க அழைப்பதையும், கேட்போர் அவ்வழைப்பை ஏற்பதோ மறுப்பதோ உண்டு என்பதையும் காட்டினார். அரசியல் மேடைகளை ஆராய்ந்த மேக்ஸ் அட்கின்சன், கைதட்டல் தற்செயலாக எழுவதில்லை என 1984இல் தம் நூலில் விளக்கினார். முரண்பட்ட இரண்டை அடுத்தடுத்து நிறுத்துதல், மூன்றாக அடுக்கிச் சொல்லுதல் முதலிய அமைப்புகளே இப்போது தட்டுக என அவைக்கு உணர்த்துகின்றன என்பது அவர் கண்ட உண்மை. விக்டர் ரஸ்கின் 1985இல், ஒரே கூற்று ஒன்றற்கொன்று மாறான இரு பொருட்சூழல்களுக்குப் பொருந்தும்போது நகை பிறக்கிறது என்றார்.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரு பொருட்சூழல்களையும் அறிந்தவரே சிரிக்க இயலும். வட்டாரச் சொல்லையோ உறவுமுறையையோ அறியாதவருக்கு அதை விளக்கிச் சொல்லலாம். விளக்கிய பின் அவர் தலையசைப்பார், சிரிக்கமாட்டார். ஆகவே சிரிப்பு என்பது மொழியறிவைச் சோதிக்கும் தேர்வு. அதன் முடிவும் அங்கேயே தெரிந்துவிடும்.

எனினும் இத்தேர்விற்கு ஒரு குறை உண்டு. சிரித்தார் என்பது நமக்குக் கேட்கும். எதற்காகச் சிரித்தார் என்பது கேட்காது. ஒரே தொடருக்கு ஒருவர் தம்மை அதில் கண்டு சிரிக்கலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அவரைக் கண்டு சிரிக்கலாம். மேடையில் நிற்பவரின் செவிக்கு இரண்டும் ஓர் ஒலியே. பிரையரின் வாழ்க்கையை, இவ்விரு சிரிப்புகளையும் பிரித்தறியக் கற்ற வரலாறு என்றே நாம் கருதுகிறோம்.

2. இரவல் குரல்

பிரையர் 1940இல் இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் பிறந்தார். அவரை வளர்த்த பாட்டி பரத்தையர் இல்லம் நடத்தியவர். குடிகாரர், சூதாடிகள், போதகர்கள் எனப் பலருடைய பேச்சும் அவர் செவியில் இளமையிலேயே படிந்தது. 1963இல் அவர் நியூயார்க் சென்றபோது அச்செல்வத்தை மேடைக்குக் கொண்டுவரவில்லை. அப்போது பில் காஸ்பி என்னும் கறுப்பினக் கலைஞர், இனவேறுபாட்டைத் தொடாத, யாரையும் உறுத்தாத நகைச்சுவையால் வெள்ளையர் அவைகளில் பெரும்புகழ் பெற்றிருந்தார். பிரையர் அந்நடையைப் பின்பற்றினார். தொலைக்காட்சி வாய்ப்புகள் வந்தன. அவையும் சிரித்தது.

1967இல் லாஸ் வேகஸ் நகரின் அலாதீன் விடுதி மேடையில் நின்றபோது, எதிரே இருந்த அவையை நோக்கி, தாம் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்னும் கேள்வி தம்முள் எழுந்ததையும், அப்படியே மேடையைவிட்டு அகன்றதையும் அவர் 1995இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். சிரிப்புக் கிடைக்காமல் மேடையை விட்டவர்கள் பலர். கிடைத்த சிரிப்பு தம் குரலுக்கு உரியதன்று என உணர்ந்து அகன்றமையே இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

3. வீட்டுமொழி மேடையேறுதல்

1970களின் தொடக்கத்தில் அவர் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சிலகாலம் வாழ்ந்தார். அதன்பின் மேடையில் ஒலித்தது பியோரியாவின் பேச்சு. மட்போன் என்னும் கிழவர் அவர் படைத்த புகழ்பெற்ற பாத்திரம். மிசிசிப்பியின் துப்பலோ ஊரிலிருந்து வந்தவராக, நீட்டி முழக்கிக் கதை சொல்பவர். அவர் வாயில் இலக்கண நூல் ஆங்கிலம் இல்லை. கறுப்பின மக்களின் வீட்டுமொழியே இருந்தது.

அதே காலத்தில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் அந்த வீட்டுமொழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது சிதைந்த ஆங்கிலம் அன்று. தனக்கெனத் திட்டமான விதிகள் உடையது என்று 1972இல் நூலாக நிறுவினார். 1979இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினக் குழந்தைகள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், ஆசிரியர்கள் அக்குழந்தைகளின் வீட்டுமொழியை அறிந்து, அவ்வறிவைப் படிப்புக் கற்பித்தலில் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வாளர் நூலிலும் நீதிபதி தீர்ப்பிலும் எழுதியதைப் பிரையர் மேடையில் செவிப்புலனாக்கினார் எனலாம். அந்த வழக்கில் தீர்ப்பு வந்த அதே ஆண்டில்தான் அவருடைய முழுநீள மேடைநிகழ்ச்சி திரைப்படமாக வெளிவந்தது.

அப்படம் 1978 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பதிவானது. அதன் தொடக்கம் ஆசிரியர்கள் நோக்கத்தக்கது. அவையினர் பலர் இன்னும் இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரையர் பேசத் தொடங்கிவிடுகிறார். வெள்ளையர்கள் இடைவேளை முடிந்து வந்து, தம் இருக்கையில் கறுப்பர் அமர்ந்திருக்கக் கண்டு திகைப்பதை இருவர் குரலிலும் நடித்துக் காட்டுகிறார். இரண்டு பேச்சுநடைகளும் ஒரே வாயில் மாறிமாறி ஒலிக்கின்றன. அவையில் இரு சாராரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சாராரும் தம் குரலைப் பிறர் செவியால் கேட்கிறார்கள். வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இங்கே கலைஞர் அவையை அறிவதோடு, அவையும் தன்னை அறியுமாறு செய்கிறார்.

அதே நிகழ்ச்சியில் தமக்கு வந்த மாரடைப்பையும் அவர் நடித்துக் காட்டுகிறார். அவருடைய இதயமே ஒரு பாத்திரமாகி, அவருடைய உணவுப் பழக்கத்தைச் சொல்லி அதட்டுகிறது; அவர் மேடையில் விழுந்து துடிக்கிறார். அவை சிரிப்பில் ஆழ்கிறது. நகைக்குரிய நான்கும் தன்னிடத்துத் தோன்றுவதும் பிறரிடத்துத் தோன்றுவதும் என இருவகைப்படும் என்பது தொல்காப்பியத்திற்கு உரை கண்ட பேராசிரியர் காட்டும் நெறி. தன்னிடத்துத் தோன்றும் நகைக்கு இதனினும் தெளிவான மேடைச் சான்று காண்பது அரிது. இங்கே சிரிப்பவர் எவரும் பிரையரைவிடத் தம்மை உயர்ந்தவராகக் கருதிச் சிரிக்கவில்லை; மரண அச்சம் தமக்கும் உரியது என அறிந்தே சிரிக்கிறார்.

4. துறந்த சொல்

இனி, மையப் பொருளுக்கு வருவோம். கறுப்பினத்தவரை இழிவுபடுத்த வெள்ளையர் நூற்றாண்டுக்கணக்கில் வழங்கிய ஒரு சொல் உண்டு. பிரையர் அதனை மேடையில் தாராளமாக வழங்கினார். 1974இல் வெளிவந்து கிராமி விருது பெற்ற அவருடைய இசைத்தட்டின் தலைப்பிலேயே அச்சொல் இடம்பெற்றது. பகைவன் கையிலுள்ள வாளை வாங்கி நாமே சுழற்றினால் அதன் கூர் மழுங்கும் என்பதே இத்தகைய வழக்கிற்குக் கூறப்படும் நியாயம். மொழியியல் அடிப்படையில் இதில் உண்மை இல்லாமல் இல்லை. இழிசொற்கள் ஓர் இனத்தாருக்குள் நெருக்கத்தைக் காட்டும் விளியாகத் திரிவது பல மொழிகளில் காணப்படுவதே.

1979இல் அவர் கென்யாவுக்குச் சென்றார். அங்கே ஒரு விடுதிக் கூடத்தில் அமர்ந்து சுற்றிலும் நோக்கினார். எல்லாப் பணிகளிலும், எல்லாத் தகுதிகளிலும் கறுப்பின மக்களே இருந்தனர். அவர்களுள் ஒருவரையேனும் அச்சொல்லால் குறிக்கத் தம் மனம் ஒப்பவில்லை என்பதை உணர்ந்தார். 1982இல் வெளிவந்த மேடைப்படத்தில் இந்நிகழ்ச்சியைக் கூறி, இனி அச்சொல்லை வழங்குவதில்லை என அவையறிய உரைத்தார். சிரிக்க வந்திருந்த அவையிடம் சிரிப்பை வேண்டாமல் அவர் பேசிய பகுதி அது.

அவர் கூறிய காரணம் கென்யப் பயணம். அக்காரணத்தோடு மொழியியல் நோக்கில் நாம் ஒன்றைச் சேர்த்து எண்ணலாம். ஒரு சொல்லின் பொருள் சொல்பவரிடம் மட்டும் இல்லை, கேட்பவரிடமும் இருக்கிறது. இனத்தார் மட்டும் கூடிய சிறுமன்றத்தில் நெருக்கத்தைக் குறித்த சொல், இரு சாராரும் நிறைந்த பேரரங்கில் இரண்டு பொருளோடு ஒலிக்கும். ஒரு பகுதியினர் உறவின் சிரிப்பைச் சிரிப்பர். இன்னொரு பகுதியினருக்கு, தாம் வெளிப்படச் சொல்ல அஞ்சும் சொல்லை வேறொருவர் வாயால் கேட்டுச் சிரிக்கும் உரிமை கிடைத்துவிடும். அரங்கு பெரிதாகப் பெரிதாக இவ்வேறுபாடும் பெரிதாகும்.

பிற்காலத்தில் டேவ் சாப்பல் என்னும் கலைஞர், பெரும்பொருள் ஈட்டித்தந்த தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 2005இல் விட்டு விலகினார். இனம்பற்றிய ஒரு காட்சியைப் பதிவுசெய்தபோது வெள்ளையர் ஒருவர் சிரித்த முறை தம்மை உறுத்தியது என்று அதற்கான காரணங்களுள் ஒன்றாக அவர் பின்னர்க் கூறினார். அங்கும் குறைந்தது சிரிப்பன்று. சிரிப்பு ஏராளமாக இருந்தது. அதன் பொருளே கலைஞருக்கு ஒவ்வாததாயிற்று.

5. வகுப்பறை என்னும் அவை

இவ்வளவும் அமெரிக்க மேடைக்கு உரியவை. இரு வழக்குகளை உடைய மொழியைக் கற்பிக்கும் நமக்கு இவை அயலானவை அல்ல. நம் மாணவர் ஒருவர் எழுந்து நின்று பேசும்போது வகுப்பறையும் ஓர் அவையாகிறது. அவர் பாடநூல் தமிழில் பேசினால் தோழர்கள் சிரிக்கிறார்கள். திரைப்படங்களில் செந்தமிழ் பேசுவதே ஒரு வேடிக்கை எனக் காட்டப்பட்டதன் பயன் அது. அவர் வீட்டுத்தமிழில் பேசினால் அது கொச்சை எனச் சிரிப்போரும் உளர். ழகரம் பிறழ்ந்தாலோ, சொல் கிடைக்காமல் ஆங்கிலச் சொல்லிட்டு நிரப்பினாலோ மீண்டும் சிரிப்பு. நான்கைந்து முறை இவ்வாறு நேர்ந்தபின் அம்மாணவர் தமிழில் வாய்திறப்பதில்லை. தமிழ் தெரியாமையால் அன்று. அவை தந்த விடையைச் சரியாகக் கேட்டுக்கொண்டமையால்.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம்தரப் பரிந்துரைத்தது. பாடத்திட்டம் இடம் தரலாம். அவை இடம் தருகிறதா என்பதை அறியச் சிரிப்பைத்தான் கேட்கவேண்டும்.

இதற்காகச் சிரிப்பைத் தடைசெய்ய வேண்டியதில்லை. நாம் முன்வைப்பது ஓர் எளிய பயிற்சி. ஒவ்வொரு மாணவரும் மூன்று நிமிடம், தமக்கு நேர்ந்த வேடிக்கையான ஒன்றை, வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லட்டும். நகைப்பொருள் தாமாகவே இருக்கவேண்டும்; பிறருடைய நிறம், உடல், சாதி, இனம், உச்சரிப்பு ஆகியவை கூடா. கேட்டவர்கள், தாம் எந்த இடத்தில், எதற்காகச் சிரித்தோம் என்பதை எழுத்துத்தமிழில் இரண்டு தொடரில் எழுதட்டும். பேசுபவருக்குப் பேச்சுவழக்கில் பயிற்சி. கேட்பவருக்கு எழுத்துவழக்கில் பயிற்சி. எதற்காகச் சிரித்தோம் என எழுத முற்படும்போதுதான், எழுதக் கூசும் சிரிப்பு எது என்பது மாணவருக்கே தெரியவரும். அத்தகைய சிரிப்பு ஒன்றேனும் வெளிப்பட்டால், அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.

பிரையருக்கு 1998இல் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருது வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதற்கலைஞர் அவரே. நரம்பு நோயால் பல்லாண்டு துன்புற்று 2005 டிசம்பரில் மறைந்தார். அவருடைய எல்லாப் பேச்சும் மாணவர் கேட்கத்தக்கது என நாம் கூறவில்லை. பெரிதும் கைதட்டல் பெற்ற காலத்திலேயே அக்கைதட்டலின் பொருளை ஆராய்ந்த அவரது செவி, மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் பெறத்தக்கது.